பொய்க்கொட் என்னும் சொல்லின் சரித்திரம்

மனிதரின் பெயர் காலப்போக்கிற் பொதுச்சொல்லாகிவிடுவது எல்லா மொழிகளிலும் நிகழ்வதுதான். தூக்கம் மிகுந்தவனைக் கும்பகர்ணன் என்றும், கெடுமதி சொல்பவனைச் சகுனி என்றும் தமிழர் கூறுவர். இருவரைச் சிண்டு முடிந்துவிட்டு விலகி நின்று பார்ப்பவர் செய்வது நாரதர் வேலை. எனினும் 'சகுனித்தான்' என்றோ 'நாரதிப்பேன்' என்றோ அப்பெயர்களை வினையாக்கிப் பேசும் வழக்கம் தமிழில் ஏற்படவில்லை. ஆங்கிலம் அந்தத் துணிவு உடைய மொழி. உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் குடும்பப் பெயரை எடுத்து, சில வாரங்களுக்குள் அதனை வினைச்சொல்லாக்கி, அவர் இறப்பதற்குப் பத்தாண்டு முன்னதாகவே பேரகராதியிலும் ஏற்றிவிட்டது. 'பொய்க்கொட்' என்பதே அச்சொல்.

தமிழ்ச் செவிக்கு அதன் முதலசை 'பொய்' என்று ஒலிக்கும். ஆனால் பொய்க்கும் அதற்கும் உறவில்லை. ஒருவரோடோ ஒரு நிறுவனத்தோடோ கொடுக்கல் வாங்கல், வேலை, பேச்சு, உறவு ஆகிய யாவற்றையும் பலர் கூடி ஒருமித்து நிறுத்திக்கொள்வதே அச்சொல்லின் பொருள். இப்பொருளில் மூன்று கூறுகள் அடங்கியிருத்தலைக் கவனிக்க வேண்டும். செய்பவர் பலராய் இருத்தல் வேண்டும், அவர்களிடையே ஓர் உடன்பாடு இருத்தல் வேண்டும், கையோங்குதல் கூடாது. தனியொருவன் கோபத்தினால் ஒரு கடைக்குப் போகாமல் விடுவது பொய்க்கொட் ஆகாது. ஊரே போகாமல் விட்டால்தான் ஆகும்.

இச்சொல்லுக்குப் பெயர் கொடுத்தவர் சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்க்கொட். இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிலே 1832ஆம் ஆண்டு ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தவர். இளமையில் மூன்றாண்டு காலம் இராணுவத்தில் இருந்து விலகியவர். கப்டன் என்று எல்லோரும் அழைத்தபோதிலும் இராணுவத்தில் அப்பதவியை அவர் வகித்ததில்லை. அயர்லாந்தின் மேற்கேயுள்ள அக்கில் தீவிற் பல ஆண்டுகள் விவசாயம் செய்தபின், 1873இல் மேயோ மாவட்டத்தில் பாலின்ரோப் என்னும் சிறு பட்டினத்துக்கு அருகே, மாஸ்க் ஏரிக்கரையிலிருந்த ஒரு வீட்டையும் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார். அந்த நிலம் ஏர்ன் பிரபுவுக்கு உரியது. அப்பிரபு வசித்ததோ நாட்டின் வடபகுதியில். எனவே மேயோவிலிருந்த அவருடைய குடிகளிடம் குத்தகைப் பணம் வசூலிக்கும் காரியஸ்தர் வேலையும் பொய்க்கொட்டிடம் வந்து சேர்ந்தது.

அவர் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. அப்படியான காரியஸ்தர் பலர் அன்றைய அயர்லாந்தில் இருந்தனர்; இவரினுங் கடுமையானவர்களும் இருந்தனர். படலையைத் திறந்து விட்டால் ஒரு தண்டம், கோழி அவருடைய நிலத்தில் மேய்ந்தால் ஒரு தண்டம் என்று குடிகளிடம் சிறுசிறு தொகைகளை அறவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. காட்டில் விறகு பொறுக்கும் வழக்கத்தையும் அவர் மறுத்தார். பெரிய அநீதியைக் காலப்போக்கில் மறந்துவிடும் ஊரும் இத்தகைய சில்லறைத் தண்டங்களை மறப்பதில்லை. வேலி, படலை, கோழி ஆகியவற்றால் எழும் பகை எவ்வளவு ஆழமானது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்து அயர்லாந்து எப்படியிருந்தது என்பதை அறியாவிடின் பின்னே நடந்தது விளங்காது. உழுதவனுக்கு நிலம் சொந்தமில்லை. நிலவுடைமையாளர் பலர் ஊரில் வாழாதவர்கள். குத்தகை செலுத்த முடியாத குடியை நீதிமன்றக் கட்டளை பெற்று வீட்டைவிட்டே வெளியேற்றலாம். அவன் திருத்திய நிலத்துக்கும் கட்டிய சுவருக்கும் பெரும்பாலும் ஈடு கிடையாது. 1845ஆம் ஆண்டு தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழுகி விளைந்த பெரும் பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு தொகையினர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போயினர். மேற்குப் பகுதியாகிய மேயோ அப்பஞ்சத்தால் மிகவும் நொந்த மாவட்டங்களுள் ஒன்று. ஒரு தலைமுறை கழிந்து 1879இல் மழை மிகுந்து விளைச்சல் மீண்டும் பொய்த்தபோது, பழைய நினைவு மக்களை ஆட்டியது. அவ்வாண்டு ஒக்டோபரிலே டப்ளின் நகரில் நிலச் சங்கம் உருவாயிற்று. அதனை அமைக்க உழைத்தவர் மைக்கேல் டேவிட். மேயோவிற் பிறந்து, சிறுவயதிலேயே தம் குடும்பம் குடியெழுப்பப்பட்டதைக் கண்டவர் அவர். சங்கத்தின் தலைவராக அமர்ந்தவர் சார்ள்ஸ் ஸ்டுவார்ட் பார்னல். பார்னல் தாமே ஒரு நிலவுடைமையாளர். கத்தோலிக்கர் நிறைந்த நாட்டிலே புரட்டஸ்தாந்து மதத்தவர்.

1880 செப்டெம்பர் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எனிஸ் என்னும் பட்டினத்தில் நடந்த பெருங்கூட்டத்தில் பார்னல் பேசினார். அயலான் குடியெழுப்பப்பட்ட நிலத்தைப் போட்டியிட்டுக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது என்று கூட்டத்தினரைக் கேட்டார். சுட்டுக் கொல்லுங்கள் என்று சிலர் கூவினர். அதைவிடக் கிறிஸ்தவப் பண்புக்கு இசைந்த வழி ஒன்று உண்டு என்றார் பார்னல். தெருவிலே கண்டால் விலகுங்கள், கடையிலே கண்டால் விலகுங்கள், சந்தையிலும் கோவிலிலும் விலகுங்கள், பழங்காலத்திற் குட்டரோகியை ஒதுக்கியதுபோல் அவனை ஒதுக்கிவிடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். துப்பாக்கிக்குப் பதிலாக மௌனத்தை அவர் எடுத்துக் கொடுத்தார். ஆனால் அவர் குறி வைத்தது நிலவுடைமையாளரையோ காரியஸ்தரையோ அன்று, குடிகளுக்குள்ளே உடன்பாட்டை மீறுபவனை. மேயோவின் மக்களே அந்த ஆயுதத்தை மேல்நோக்கித் திருப்பினர்.

ஏர்ன் பிரபு அவ்வாண்டு குத்தகையில் நூற்றுக்கு 10 வீதம் குறைப்பதாகச் சொல்லியிருந்தார். குடிகள் 25 வீதம் கேட்டனர். பிரபு மறுத்தார். பார்னல் பேசி மூன்றாம் நாளாகிய செப்டெம்பர் 22ஆம் திகதி, கட்டளை வழங்கும் சேவகர் ஒருவர் பொலிசாருடன் குடியெழுப்பும் கட்டளைகளை வழங்கப் புறப்பட்டார். இலங்கையிற் பழைய தலைமுறையினர் பிஸ்கால் பியோன் என்று அறிந்தவரைப் போன்ற உத்தியோகத்தர் அவர். மூன்று வீடுகளிற் கட்டளை வழங்கியாயிற்று. நாலாவது வீட்டிலே ஒரு பெண்மணி அதனை ஏற்க மறுத்தார். அயற்பெண்கள் கூடிவிட்டனர், சேற்றையும் சாணத்தையும் வாரி எறிந்தனர். சேவகரும் பொலிசாரும் பொய்க்கொட்டின் வீட்டுக்கு ஓடித் தஞ்சம் புகுந்தனர்.

அடுத்த நாள் தொடங்கி அவ்வீடு வெறிச்சோடியது. வயலில் வேலை செய்தவர்கள் போயினர். மாடு மேய்த்தவர்கள் போயினர். வீட்டுப் பணியாட்கள் போயினர். கொல்லர் அவருடைய குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். உடுப்புத் துவைத்த பெண் வரவில்லை. பாலின்ரோப் பட்டினத்துக் கடைக்காரர் பாணும் இறைச்சியும் கொடுக்க மறுத்ததனால் தூரத்து ஊரொன்றிலிருந்து ஏரி வழியாகச் சாமான் கொண்டுவர வேண்டியதாயிற்று. கடிதம் கொண்டுவரும் பையன் மிரட்டப்பட்டான். எல்லோரும் மனமொப்பியே விலகினர் என்று கூறுதல் சரித்திரமாகாது. அஞ்சி விலகியோரும் இருந்தனர். அதே வாரத்தில், சில மைல் தொலைவிலே, மவுண்ட்மொரிஸ் பிரபு என்னும் நிலவுடைமையாளர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மௌனத்தின் பின்னே துப்பாக்கியின் நிழலும் இருந்தது.

பொய்க்கொட் தமது அவலத்தை விவரித்து இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒக்டோபர் மாதத்தில் அது வெளிவந்தது. அக்கடிதமே அவரை உலகறியச் செய்தது. எழுதாமல் இருந்திருந்தால் மேயோவில் அவர் பெயர் மறைந்திருக்கும். ஆங்கிலத்துக்கும் ஒரு சொல் குறைந்திருக்கும். பத்திரிகை நிருபர்கள் ஏரிக்கரைக்கு வந்தனர். வடபகுதியிலுள்ள புரட்டஸ்தாந்தரிடையே பணம் திரட்டப்பட்டது. கவன், மொனகன் ஆகிய மாவட்டங்களிலிருந்து 50 தொண்டர்கள் அவருடைய கிழங்குகளைக் கிண்டிக் கொடுக்கப் புறப்பட்டனர். ஐம்பது பேருக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் இராணுவத்தினரையும் பொலிசாரையும் அரசாங்கம் அனுப்பிற்று.

நவெம்பர் 11ஆம் திகதி தொண்டர்கள் ரயிலில் வந்திறங்கினர். வண்டி கொடுப்பார் எவரும் இல்லை. கொட்டும் மழையிலே பாலின்ரோப் வரை நடந்து, மறுநாள் பொய்க்கொட்டின் தோட்டத்தை அடைந்தனர். அங்கே கூடாரமடித்துத் தங்கி இரண்டு கிழமை உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் கிண்டினர். ஒருவரும் அவர்களைத் தாக்கவில்லை. ஊர்க் குருவானவர் ஜோன் ஓமாலி என்பவர், வீதிப்பக்கமே போகவேண்டாம் என்று சனங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். படை திரும்பிய நாளில் வழியோரத்தில் ஒரு கிழவி மட்டும் நின்றாராம். மகாராணியாரின் சேனையை நீ இங்கு நின்று பயமுறுத்தலாமா என்று குருவானவர் அவரைக் கடிந்துகொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அந்த இரண்டு கிழமையின் இயல்பை அக்கதை நன்கு காட்டுகிறது.

கிண்டியெடுத்த விளைச்சலின் பெறுமதி ஏறத்தாழ 500 பவுண். அதனைக் கிண்டுவிக்க ஆன செலவு 10,000 பவுண் என்று அக்காலத்தவர் கணக்கிட்டனர். ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு சிலிங் செலவு என்று பார்னல் கேலி செய்தார். ஆயிரம் பேரின் கூடாரங்களாலும் அடுப்புகளாலும் அத்தோட்டம் சிதைந்ததும் ஒரு நட்டமே. நவெம்பர் மாத முடிவில் பொய்க்கொட் குடும்பத்தோடு புறப்பட்டபோது, வண்டியோட்ட ஆளில்லாமல் இராணுவ வைத்திய வண்டியில் ஏறிச் சென்றார். டப்ளினில் அவர் தங்கிய விடுதியின் பொறுப்பாளருக்கு, அவரை வைத்திருந்தால் அவ்விடுதிக்கும் அதே கதிதான் என்று கடிதம் வந்தது. டிசெம்பர் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

சொல் பிறந்த விதத்தை ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் போராடியோரில் ஒருவராகிய அவர், அயர்லாந்தின் நிலைமையை எழுத வந்தவர். ஒருநாள் ஓமாலி குருவானவரோடு உணவருந்திக்கொண்டிருக்கையில், தமக்கு ஒரு சொல் அகப்படவில்லை என்று அவர் முறையிட்டாராம். இத்தகைய ஒதுக்கலைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல் முன்பே இருந்தது. அது கிரேக்க மூலம் உடையது. பண்டைய ஏதன்ஸ் நகரத்தார் ஓட்டுத்துண்டுகளிலே பெயரைக் கீறி, ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்த வாக்கெடுப்பிலே ஒருவரைப் பத்தாண்டுக்கு நாடுகடத்துவர். ஓடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த ஆங்கிலச் சொல் எழுந்தது. ஆனால் மேயோவின் உழவருக்குக் கிரேக்கம் விளங்குமா? குருவானவர் நெற்றியைத் தட்டி யோசித்து, பொய்க்கொட் செய்வது என்றே சொல்லிவிட்டால் என்ன என்றாராம்.

இக்கதைக்கு ரெட்பாத்தின் வாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவரோ நிலச் சங்கத்தின் பக்கம் நின்று பேசியவர். எனினும் சொல் அவ்வூரில், அம்மாதங்களில் எழுந்தது என்பதில் ஐயமில்லை. நவெம்பர் மாதத்திலேயே ரைம்ஸ் பத்திரிகை வேறோர் ஊரின் செய்தியில் அதனை வினைச்சொல்லாக எடுத்தாண்டது. 1881 சனவரியில் இலண்டனைப் பனிப்புயல் மூடியபோது, இயற்கை அந்நகரைப் பொய்க்கொட் செய்துவிட்டது என்று ஒரு பத்திரிகை எழுதுமளவுக்குச் சொல் விளையாட்டுப் பொருளாயிற்று. பெயர்ச்சொல்லுக்குரிய பெரிய முதலெழுத்து நாளடைவிற் சிறிய எழுத்தாகியது. மனிதர் மறைந்து சொல் மட்டும் நின்றதற்கு அதுவே அடையாளம். ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1887ஆம் ஆண்டுப் பகுதியில் அது இடம்பெற்றது. பிரெஞ்சு, ஜேர்மன், டச்சு, ரஷ்ய மொழிகள் தத்தம் ஒலிக்கேற்ப அதனை ஏற்றன. யப்பானியரும் அதையே தம் மொழிக்கேற்றவாறு உச்சரிக்கின்றனர்.

பொய்க்கொட் அவர்களின் பின்வாழ்வு அமைதியாகக் கழிந்தது. அடுத்த ஆண்டே அவர் மாஸ்க் ஏரிக்குத் திரும்பி வந்தார். பகை தணிந்திருந்தது. 1886 வரை அங்கிருந்துவிட்டு, இங்கிலாந்தில் வேறொரு பெருநிலத்தின் காரியஸ்தரானார். ஓய்வு நாட்களைக் கழிக்க அயர்லாந்துக்கே வருவாராம். 1897இல் இறந்தார். குடிகளுக்கோ, 1881ஆம் ஆண்டு நிலச் சட்டத்தினால் நியாயமான குத்தகையும் நிலையான உரிமையும் கிடைக்கத் தொடங்கின. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உழுதவரே நிலத்தை விலைக்கு வாங்குவது பெருவழக்காயிற்று.

செயல் இச்சொல்லுக்கு முந்தியது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விளைவித்த சீனியை உண்ணலாகாது என்று 1791இல் இங்கிலாந்திலே ஓர் இயக்கம் எழுந்தது. மூன்று இலட்சம் பேர் சீனியை விட்டனர் என்று தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அவர்களிடம் இதற்கென ஒரு தனிச்சொல் இருக்கவில்லை. அதனினும் பழையது ஊர்விலக்கு. தமிழர் கிராமங்களிலே ஒரு குடும்பத்தைத் தண்டிக்க வேண்டுமானால் நெருப்பும் நீரும் மறுப்பர். சலவைத் தொழிலாளரையும் முடி திருத்துவோரையும் அவ்வீட்டுக்குப் போகவிடாமல் மறிப்பர். செத்த வீட்டுக்கும் எட்டிப் பாரார். கொல்லரும் துவைப்பவளும் கடைக்காரரும் விலகிய மேயோக் காட்சியை வாசிக்கும் தமிழருக்கு அது புதுமையாகத் தோன்றாததன் காரணம் இதுதான். வேறுபாடு ஒன்றே. ஊர்விலக்கு, பெரும்பாலும், வலியோர் எளியோர்மேல் விதித்த தண்டனை. மேயோவில் எளியோர் அதனை வலியோர்மேல் விதித்தனர். புதிய சொல் தேவைப்பட்டதே அதனாற்றான் போலும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பு மறைத்துவிட்டது. தேசிய இயக்கக் காலத்திலே தமிழ்ப் பத்திரிகைகள் பொய்க்கொட் என்பதற்குப் பகிஷ்காரம் என்று வழங்கின. வடமொழியிற் 'பகிஸ்' என்றால் வெளி. பகிஷ்காரம் வெளியே தள்ளுதல். இப்பொழுது தமிழ்நாட்டார் புறக்கணிப்பு என்பர். இலங்கையிற் பகிஷ்கரிப்பு என்பதே பெருவழக்கு. இங்குள்ள செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தையும் பணிப் பகிஷ்கரிப்பு என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. சம்பளம் கேட்டு வேலையை நிறுத்துபவர் தம் எசமானோடு உறவை முறிப்பதில்லை. மீண்டும் அதே வாசலுக்குப் போகவே நிற்கின்றனர்.

பகிஷ்காரம் என்ற சொல்லை இன்னொருவரும் எடுத்தாண்டார். டொக்டர் அம்பேத்கர் 1924இல் பம்பாயிலே தாழ்த்தப்பட்டோர் நலனுக்காக நிறுவிய சபைக்குப் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்றும், 1927இல் தொடங்கிய பத்திரிகைக்குப் பகிஷ்கிருத பாரதம் என்றும் பெயரிட்டார். பகிஷ்கிருதர் என்றால் வெளியே தள்ளப்பட்டோர். அந்நியத் துணியை வெளியே தள்ளுவோம் என்று காங்கிரசுக்காரர் முழங்கிய அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக வெளியே தள்ளப்பட்ட மனிதர் தமக்கு அதே சொல்லின் மற்றொரு வடிவத்தைப் பெயராகக் கொண்டனர். ஒரே வேர்ச்சொல் ஆயுதத்தையும் காயத்தையும் குறித்தது.

இந்தியாவில் இந்த ஆயுதம் பெரிய அளவில் எடுக்கப்பட்டது 1905இல். வங்காளப் பிரிவினையை எதிர்த்து அவ்வாண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி கல்கத்தாவிற் கூடிய கூட்டம் ஆங்கிலச் சரக்குகளைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. அதன் அலை தூத்துக்குடியை அடைந்தபோது இலங்கைக்கும் தொடர்பு ஏற்பட்டது. வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி ஓட்டியது தூத்துக்குடி கொழும்புப் பாதையில். ஆங்கிலக் கம்பனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தும் பயணிகள் பலர் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். 1908இல் அவர் சிறைப்பட்டபின் கம்பனி நிலைக்கவில்லை.

ஆயுதம் எவர் கையிலும் போகும். 1933 ஏப்ரில் முதலாம் நாள் ஜேர்மனியிலே நாசிகள் யூதரின் கடைகளுக்கு எதிராக நடத்திய நடவடிக்கைக்கும் இதே பெயரைத்தான் சூட்டினர். சீருடைப் படையினர் கடைவாசல்களில் நின்றனர். அரசாங்கமே பின்னின்று ஒரு சிறுபான்மையை ஒதுக்கச் செய்தது. மேயோவில் நடந்ததன் நேர்மாறு. பெயர் மட்டும் ஒன்று. இதனை நன்குணர்ந்த ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். 1955 டிசெம்பரில் அமெரிக்காவின் மொன்கொமறி நகரத்துக் கறுப்பின மக்கள் இனப்பாகுபாடு காட்டிய பஸ்களில் ஏறாமல் விடத் தீர்மானித்தபோது, வெள்ளையர் கழகங்கள் கறுப்பினத்தவரை நசுக்கக் கையாளும் முறையையே தாமும் கையாள்கிறோமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. தீமையோடு ஒத்துழைக்க மறுப்பதே தமது நோக்கம் என்று தெளிந்தபின், அச்சொல்லைத் தாம் அரிதாகவே உபயோகித்ததாக அவர் எழுதியிருக்கிறார். 381 நாட்கள் அம்மக்கள் நடந்தே வேலைக்குப் போயினர், அல்லது கார்களைப் பகிர்ந்து சென்றனர். பஸ்களில் இனப்பாகுபாடு சட்டத்தினால் நீங்கியது.

இலங்கைத் தமிழரின் சரித்திரத்திலும் இச்சொல்லுக்கு ஓர் அதிகாரம் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் கொண்ட யாழ்ப்பாணத்துச் சபை, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில் இயங்கியது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த சபை அது. சாதி வேற்றுமையை எதிர்த்த சபையும் அதுவே. டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்ற காரணத்தால், 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது கேட்டது. அவ்வாண்டு ஏப்ரில் மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வந்திருந்தார். மே 4ஆம் திகதி நியமன நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

ஒற்றுமை என்ற வகையில் அது மேயோவுக்கு நிகரான நாள். ஆனால் தென்னிலங்கை பின்தொடரவில்லை. அங்கே தேர்தல் நடந்தது, அமைச்சர்கள் பதவியேற்றனர். மேயோவில் விலகியோர் இன்றி அறுவடை நடவாது. அரசாங்க சபையோ அந்த நால்வர் இன்றியும் நடந்தது. விலக்கப்பட்டவர் விலக்கியோரில் தங்கியிருந்தாலன்றி இந்த ஆயுதம் தைக்காது என்பதை அக்காலத் தலைவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். தென்னிலங்கையும் சேரும் என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்த்தது.

இன்னொன்றும் உண்டு. டொனமூர் திட்டம் முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்பது மெய். ஆனால் 21 வயது வந்த ஆண், பெண் அனைவர்க்கும் சாதி, சொத்து, கல்வி பாராது வாக்குரிமையைத் தந்தது. ஆசியாவில் அதற்கு முன் அத்தகைய உரிமை எந்தக் குடியேற்ற நாட்டுக்கும் கிடைத்ததில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியோரே அதனை எதிர்த்திருந்தனர். கோவில் வாசலிலும் பொதுக் கிணற்றடியிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர், வீட்டுக்கு வெளியே கருத்துச் சொல்லக் கேட்கப்படாத பெண்கள், ஆகிய இவர்கள் அவ்வாண்டுதான் முதன்முதலாக வாக்காளர் ஆயினர். குடாநாட்டில் அந்த வாக்கைப் போட ஒரு பெட்டி வைக்கப்படவில்லை. அவர்களை யாரும் வெளியே தள்ள எண்ணவில்லை; எனினும் வெளியே நின்றவர்களுள் அவர்களும் இருந்தனர்.

மன்னார் முல்லைத்தீவுத் தொகுதியில் 1931இலேயே வாக்களிப்பு நடந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அங்கே போட்டியிட்டுத் தோற்றார். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் மூன்றாண்டு வெறுமையாய்க் கிடந்து, 1934இல் இடைத்தேர்தல்களால் நிரப்பப்பட்டன. பொன்னம்பலம் பருத்தித்துறையிலும், அருணாசலம் மகாதேவா யாழ்ப்பாணத்திலும் தெரிவாயினர். மன்னார் மக்கள் மூன்றாண்டு முன்னரே செய்துவிட்ட காரியத்தைச் செய்ய, குடாநாட்டு வாக்காளர் அப்பொழுதுதான் வரிசையில் நின்றனர்.